இல்லாத ஒருத்தியின் குரல்

மீரியபெத்தை மண்சரிவின் பத்தாவது நினைவு நாளுக்காக 2024 ஒக்டோபரில் ஒரு பாட்டை வெளியிட்டேன். வரிகளில் சில நான் எழுதியவை. மீதியைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தது. மெட்டும் வாத்தியமும் குரலும் முழுக்க அதனுடையவை. பாடியது யார் என்று கேட்டவர்களிடம், "பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பெயர் வெளியில் வருவதை விரும்பவில்லை" என்றேன். அப்படி ஒருத்தி கிடையாது. முகம் தெரியாதவர்களிடம் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் ஒருவேளை இதை எழுதாமலே இருந்திருப்பேன். அதே மண்ணுக்குள் தன் வீட்டு ஆட்களைக் கொடுத்த ஒரு பெண் என் எதிரில் நின்று கேட்டபோதும் அதையே சொன்னேன்.

அவரிடம் நேரில் போய் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டேன். எழுதலாமா என்று கேட்டு, எழுதுங்கள் என்று அவர் சொன்ன பிறகே எழுதுகிறேன். அவர் யாரென்று அடையாளம் தெரியும்படி இதில் எதுவும் இருக்காது.

கொஸ்லாந்தை, ஹப்புத்தளையிலிருந்து பெரகலைச் சந்தி வழியாக வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. அந்த வழியாகத் தியலும நீர்வீழ்ச்சி பார்க்கப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போவார்கள். அதற்கு மேலே மலையில் இருந்த தோட்டப் பிரிவு மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. நாட்கணக்காகப் பெய்த மழை. காலை ஏழரை மணி வாக்கில் மேல்மலை உடைந்து வந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களையும் கோயிலையும் மூடியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது தங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்றுகூட அவர்களால் காட்ட முடியவில்லை. முதல் நாள் செய்திகளில் காணாமற்போனவர்கள் நூற்றுக்கணக்கில் என்றார்கள். நாள் போகப் போக எண்ணிக்கை குறைந்தது. மாறாமல் இருந்தது ஒன்றுதான்: பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. மிஞ்சியவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கினார்கள், பிறகு மக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்கினார்கள். 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன.

நான் பண்டாரவளைப் பக்கம் தமிழ் படிப்பிக்கிற ஆசிரியன். பிறந்தது பசறைப் பக்கத்து லயம் ஒன்றில். தமிழ்த்தினப் போட்டிக்கும் கோயில் திருவிழாவுக்கும் பாட்டெழுதிப் பழக்கம். மண்சரிவு நடந்த வாரமே ஒரு பாட்டு எழுதத் தொடங்கினேன். இரண்டு பந்திக்கு மேல் போகவில்லை. வருடாவருடம் ஒக்டோபர் வரும்போது அந்தக் கொப்பியை எடுப்பேன், ஒன்றிரண்டு வரியை மாற்றுவேன், மூடி வைப்பேன். எழுத முடியாமற்போனதன் காரணத்தை அப்போது தேடவில்லை. இப்போது தெரிகிறது: அந்த மக்களோடு உட்கார்ந்து ஒரு நாளும் நான் கேட்டதில்லை. நிவாரணப் பொதி கொண்டு போனேன். பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் கொண்டு போனேன். கொடுத்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிடுவேன். யாராவது பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்ற பயத்தில் எழுந்துவிடுவேன். அழுகிறவர்கள் பக்கத்தில் இருக்க எனக்கு முடிந்ததில்லை. என் குறை அங்கேதான் தொடங்குகிறது. செயலி பிறகு வந்தது.

2023 டிசம்பரில் சூனோ, 2024 ஏப்ரலில் யூடியோ என்று பாட்டுப் போடும் செயலிகள் வந்தன. என் அக்கா மகன் பிறந்தநாள் பாட்டு, கிரிக்கெட் அணிப் பாட்டு என்று போட்டு எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அவன் காட்டித் தந்ததுதான். ஒரு பெட்டியில் வரிகளைப் போட வேண்டும். இன்னொரு பெட்டியில் பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு விதமாகப் பாடித் தந்துவிடும். பிடிக்காவிட்டால் மறுபடி கேட்கலாம். யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். பாடகியைத் தேட வேண்டாம், ஹார்மோனியக்காரருக்குக் காசு வேண்டாம், ஒலிப்பதிவுக்குக் கொழும்புக்குப் போக வேண்டாம். மலையகத்தில் பாட்டெழுதும் எங்களுக்கு இவை எல்லாம் எவ்வளவு பெரிய தடைகள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அதனால் அந்தக் கருவியைத் தொட்டதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை.

நான் கேட்ட குரல் இது: வயதான பெண், உடைந்த தொண்டை, மெதுவாக, இருண்டதாக, ஒப்பாரி போல. பத்து வருடமாக முடியாமல் கிடந்த என் இரண்டு பந்திகளைப் போட்டேன். மீதிப் பந்திகளை இன்னொரு செயலியிடம் எழுதச் சொன்னேன். அது முதலில் வயலும் வரப்பும் ஆற்றங்கரையும் மல்லிகைப் பந்தலும் வைத்து எழுதியது. மலையகம் என்று சொன்னதும் தேயிலையும் பனியும் சேர்த்தது. லயம் தெரியவில்லை, அதன் முன்திண்ணையான இஸ்தோப்பு தெரியவில்லை, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா தெரியவில்லை. சிலவற்றை நான் மாற்றினேன். மாற்றாமல் விட்டதும் உண்டு. "குடிசை" என்று ஒரு வரியில் வந்தது. மீரியபெத்தையில் புதைந்தது லயம், குடிசை எங்கேயும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஓசை நன்றாக விழுந்ததால் விட்டுவிட்டேன். செத்தவர்கள் தொகையை எதுகைக்காக ஆயிரம் என்று வைத்திருந்தது. அதையும் விட்டேன். செத்த ஒவ்வொருவருடைய பெயரும் அங்கே உயிரோடு இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் காதில் "ஆயிரம்" என்ற சொல் எப்படி விழும் என்று யோசிக்கவில்லை.

குரல் வந்தது. ழகரம் சில இடங்களில் வழுக்கியது. தப்பு மேளம் கேட்டிருந்தேன். வந்தது சினிமாவில் வில்லன் நடந்து வரும்போது அடிக்கும் முழக்கம். ஆனால் மூன்றாம் பந்தியின் முடிவில், பிள்ளையின் சப்பாத்து மட்டும் கிடைத்தது என்று வரும் இடத்தில், குரல் ஒரு கணம் அடைத்து, மூச்சை இழுத்து, விம்மிவிட்டுத் தொடர்ந்தது. நான் அதைக் கேட்கவில்லை, அதுவாகவே செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான் பாட்டு என்று அன்றைக்கு இரவே முடிவு செய்தேன். அந்தச் சப்பாத்தும் உண்மையில்லை. அப்படி ஒரு சப்பாத்து கிடைத்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. செயலி எழுதிய வரி அது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். விம்மலை விட எனக்கு இது கனமாக இருக்கிறது. கொப்பியில் நான் கைப்பட எழுதியிருந்த இரண்டாம் பந்தி, எச்சரிக்கையைப் பற்றியது. மீரியபெத்தை சரியக்கூடிய இடம், மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. 2014 வரை மக்கள் அங்கேயே இருந்தார்கள். போக மாற்று இடமும் இல்லை, காணி உறுதியும் இல்லை. தோட்ட நிர்வாகத்துக்கும் அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவில் அந்த எச்சரிக்கை கிடந்தது. அதைத்தான் எழுதியிருந்தேன். அந்தப் பந்தி மெட்டில் உட்காரவில்லை. செயலி அதைப் பாடும்போது சொற்கள் இடறின. அதை எடுத்துவிட்டு, செயலி தந்த பந்தியை வைத்தேன். அதில் மலை ஒரு தாய், பெற்ற பிள்ளைகளையே விழுங்கிவிட்டாள், வானம் அழுகிறது, விதி சிரிக்கிறது. மெட்டு காரணம் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக் காரணம் அதுவல்ல. நான் அரசாங்க ஊழியன். அந்தப் பந்தியோடு பாட்டு பரவினால் யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்களோ என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. மெட்டில் உட்காரவில்லை என்பது அந்தப் பயத்துக்கு நல்ல சாக்காகிவிட்டது.

அந்தப் பாட்டு முழுக்க இருட்டு. கேட்டவர்கள் "எவ்வளவு துணிச்சலான பாட்டு" என்று எழுதினார்கள். அதில் துணிச்சல் எதுவும் இருக்கவில்லை. பிணம், மண், பிள்ளையின் சப்பாத்து எல்லாம் இருந்தன. பொறுப்பான ஆள் ஒருவர்கூட இல்லை. குற்றத்தை மலை மேல் போட்டேன். மலையால் எனக்கு எதிராக வழக்குப் போட முடியாது.

பாட்டை முதலில் ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு நாளில் பேஸ்புக், யூடியூப் எல்லாம் போய்விட்டது. ஹட்டனிலிருந்தும் கண்டியிலிருந்தும் பேசினார்கள். கனடாவிலிருந்து ஒருவர் பேசி அழுதார். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: பாடிய அந்த அம்மா யார்? முதலில் கேட்டவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் பாட்டின் மதிப்பு போய்விடும் என்று தோன்றியது. தோட்டத்துப் பெண் என்றேன். அடுத்தவர் எந்தத் தோட்டம் என்றார். பூனாகலைப் பக்கம் என்றேன். இன்னொருவர் வயது கேட்டார். அறுபதுக்கு மேல் என்றேன். கேள்விக்குக் கேள்வி அவளுக்கு ஓர் உடம்பு வளர்ந்துகொண்டே போனது. கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவள் ஆனாள். கூச்சக்காரி ஆனாள். நான் எழுதிய கதைகளில்கூட அவ்வளவு முழுமையான ஒரு பாத்திரத்தை நான் படைத்ததில்லை.

நினைவு நாள் கழிந்து சில வாரங்கள் போன பிறகு, ஒரு திருமண வீட்டில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். மக்கல்தெனியவில் குடியிருப்பவர். என்னை முன்னமே தெரியும், கொப்பி கொண்டு போன காலத்திலிருந்து. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் வந்து பேசினார்.

"சேர், அந்தப் பாட்டு உங்க பாட்டுதானே. பாடுனவங்கள எனக்குப் பாக்கணும்."

ஏன் என்று கேட்டேன்.

"சப்பாத்துன்னு ஒரு எடம் வருதே, அந்த எடத்துல அவங்களுக்குத் தொண்டை அடைக்குது. அது பாட்டுக்காக அடைக்கிறது இல்ல சேர். அவங்களும் யாரையோ மண்ணுக்குக் குடுத்தவங்க. என்னைய மாதிரி. ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. வர ஏலாட்டி எடத்தச் சொல்லுங்க, நான் போறேன்."

நான் சொன்னேன்: "அவங்க இப்ப கொழும்புக்கு மக வீட்டுக்குப் போயிட்டாங்க அக்கா."

"நம்பர் இருக்கா?"

"போன் பாவிக்க மாட்டாங்க."

அவர் தலையாட்டினார். வந்தால் மறக்காமல் சொல்லுங்கள் என்றார். நான் சரி என்றேன்.

இந்த உரையாடலை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. உடல் கிடைக்காதவர்களுக்காகப் பத்து வருடமாகத் துக்கம் காக்கிற ஒருவர், தன்னைப் போல இன்னொருத்தி இருக்கிறாள் என்று நம்பித் துணை தேடினார். நான் ஒரு விலாசத்தை மட்டும் மாற்றிச் சொல்லி அவரை அனுப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகும் நான் உடனே திருந்திவிடவில்லை. மாதங்கள் போயின. அடுத்து வந்த தைப்பொங்கலுக்குப் பசறைக்குப் போனபோது பெரியம்மா வீட்டில் இருந்தேன். அம்மாவின் மூத்த அக்கா. தொங்கல் லயத்தில் இன்னமும் இருக்கிறார். எங்கள் தோட்டத்தில் கேதம் விழுந்தால் பெரியம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடுவார். நான் படித்து உத்தியோகத்துக்கு வந்த காலத்தில் அது எனக்கு வெட்கமாக இருந்தது. கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் யாராவது சாவு வீட்டுக்கு வந்தால், பெரியம்மா தலைவிரித்துப் பாடுவதைப் பார்க்கக் கூடாதே என்று தவித்திருக்கிறேன். அவருடைய பாட்டில் ஒன்றைக்கூட நான் எழுதி வைக்கவில்லை, ஒலிப்பதிவு செய்யவில்லை. வீட்டில் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டுதான், வயதான பெண், உடைந்த தொண்டை, ஒப்பாரி போல என்று ஒரு செயலியிடம் கேட்டேன்.

பெரியம்மாவின் மருமகள் தன் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். பெரியம்மா கடைசி வரை கேட்டார்.

"குரல் நல்லாருக்கு. யாருக்குப் பாடுறா?"

"மீரியபெத்தையில செத்தவங்களுக்கு" என்றேன்.

"அது தெரியுது. செத்தது இவளுக்கு அண்ணனா, புருசனா, மகளா? மொறையச் சொல்லி ஒரு எடத்துலயும் கூப்புடலியே. மொற தெரியாம எப்புடி அழுவுறது?"

எனக்குப் பதில் இல்லை. ஒப்பாரியில் முதலில் வருவது முறைதான். என்னப் பெத்த அப்பாவா, கூடப் பிறந்த பிறப்பா, நெஞ்சில் வளர்த்த பிள்ளையா என்று கூப்பிட்ட பிறகுதான் அழுகை. செத்தவர் என்ன செய்தார், எந்த மலையில் கொழுந்தெடுத்தார், யாருக்குச் சோறு போட்டார், யார் அவரைக் கவனிக்காமல் விட்டது, எல்லாம் வரும். உயிரோடு இருப்பவர்களைப் பெயர் சொல்லாமல் குத்தும். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதில் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சின்ன வயதில் நானே கேட்டிருக்கிறேன். அப்படிக் குத்தினாலும் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், சாவு வீட்டில் பாடுகிறவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. பாடுகிறவள் யார் என்பது சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். நாளைக்கு அவள் வீட்டில் விழுந்தால் இவர்கள் போய்ப் பாடுவார்கள். என் பாட்டில் முறையும் இல்லை, குத்தும் இல்லை, பாடுகிறவளும் இல்லை. ஒப்பாரியின் ஓசை மட்டும் இருந்தது.

அந்த ஓசையும் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். 2024 யூனில் அமெரிக்காவின் பெரிய இசைத்தட்டுக் கம்பனிகள் சூனோ மீதும் யூடியோ மீதும் வழக்குப் போட்டன. ஒகஸ்டில் சூனோ தன் பதிலில், இணையத்தில் திறந்து கிடக்கும், ஓரளவு தரமான இசைக் கோப்புகள் அனேகமாக எல்லாவற்றையும் கொண்டுதான் தன் கருவிக்குப் பயிற்சி கொடுத்ததாக ஒப்புக்கொண்டது. அப்படியானால் எங்கள் தோட்டத்துக் கிழவிகளின் குரல் அதற்குள் எவ்வளவு இருக்கும்? நல்ல தரத்தில் அதைப் பதிவு செய்து வைத்தவர்கள் மிகக் குறைவு. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேர்த்த பாடல்கள் 1983இல் "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று புத்தகமாயின. சாரல்நாடனும் வாய்மொழி இலக்கியம் பற்றி எழுதினார். எழுத்தில் அவை இருக்கின்றன, குரலில் அவ்வளவாக இல்லை. ஆகவே அந்தக் கருவி சினிமாச் சோகத்தைத்தான் தோட்டத்துச் சோகம் என்று தந்தது. ஹாலிஎலவில் ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப் லயத்து வாழ்க்கையை எழுதியபோது ஒரு காம்பராவின் நீள அகலம் வரை தெரிந்து எழுதினார். நான் அதே மண்ணில் பிறந்தவன், குடிசை என்று பாட விட்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் மறைக்கக் கூடாது. ஏ.ஆர். ரஹ்மான் செய்யவில்லையா என்பது முதலாவது. 2024 ஜனவரியில் "லால் சலாம்" படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் கொண்டு வந்தார். அதே மாதம் கொழும்பில் காலமான பவதாரிணியின் குரலை யுவன் சங்கர் ராஜா "கோட்" படத்தில் கொண்டு வந்தார். ஆனால் ரஹ்மான் குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் உரிய பணம் கொடுத்ததையும் தானே வெளியில் சொன்னார். யுவன், பவதாரிணியின் தம்பி. இரண்டு பாட்டிலும் யாருடைய குரல், எப்படி வந்தது என்பது கேட்கிறவனுக்குத் தெரியும். அதில் எவ்வளவு சரி என்று விவாதிக்கலாம், ஏமாற்று என்று சொல்ல முடியாது.

இரண்டாவது சமாதானம், இன்னொருவர் துக்கத்தை வேடமிட்டுப் பாடுவது நம் வழக்கம்தானே என்பது. மாசி மாதத்தில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. மதன் எரிந்த பிறகு ரதி புலம்புவாள். ரதியாக வருவது சேலை கட்டிய ஆண். விடிய விடிய அவர் பாடப் பாடப் பெண்கள் உண்மையாகவே கண்ணீர் விடுவார்கள். ஆனால் அவர் மேக்கணக்கு லயத்து இன்னாருடைய மகன் என்பது அழுகிற எல்லோருக்கும் தெரியும். காலையில் அவரும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நிற்பார். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் 1930களிலும் 1940இலும் தொழிலாளர் கூட்டங்களில் பாடியது மக்களுக்குப் பழகிய மெட்டுகளில்தான். இரவல் மெட்டு அவருக்கு இழுக்காகவில்லை. துரைமாரும் அரசாங்கமும் பார்த்துக்கொண்டிருந்த மேடையில் தன் முகத்தோடும் தன் பெயரோடும் நின்று பாடினார். இரவல் குரலும் இரவல் மெட்டும் என் குற்றம் இல்லை என்று அதனால்தான் சொல்கிறேன். பாட்டுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் நிற்க வேண்டும். நான் நிற்க வேண்டிய இடத்தில் இல்லாத ஒரு கிழவியை நிறுத்திவிட்டு ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் மக்கல்தெனியவுக்குப் போனேன். அந்த அக்கா தேநீர் போட்டுத் தந்தார். பாடினவங்க வந்துட்டாங்களா என்றுதான் முதலில் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். செயலி என்றால் என்ன என்பதை அவருக்கு விளக்க நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை. ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ராத்திரியில அதப் போட்டுக் கேட்டு அழுதிருக்கேன் சேர். பத்து வருசமா வராத அழுக வந்துச்சு. இப்ப அந்த அழுகைய என்ன செய்றது?"

இதற்கு இன்று வரை எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் அழுதது பொய் இல்லை. அந்த அழுகை வர என் பாட்டு உதவியது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்பது மட்டும் தெரியும். அன்று பொழுது இறங்கும் வரை இருந்தேன். அவர் தன் ஆட்களைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டேன், பஸ்ஸை விட்டுவிட்டேன். பேச்சின் நடுவில், எச்சரிக்கை வந்ததைப் பற்றி அவரே சொன்னார். வேறு இடம் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே நாள் போனதைச் சொன்னார். "அத ஏன் சேர் பாட்டுல வைக்கல?" என்று கேட்டார். வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன் என்றேன். ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

பாட்டை நான் போட்ட இடங்களிலிருந்து எடுத்துவிட்டேன். குழுவில் உண்மையை எழுதினேன். சிலர் வருந்தினார்கள், சிலர் இதில் என்ன இருக்கிறது என்றார்கள், கனடாக்காரர் பதில் போடவில்லை. மற்றவர்கள் பகிர்ந்தவை இன்னும் சுற்றுகின்றன. பெரியம்மாவிடம் பாடச் சொல்லிக் கேட்டேன். சாவு விழாமல் ஒப்பாரி பாடக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்றார். அதை வற்புறுத்தவில்லை. தாலாட்டும் கொழுந்து மலையில் பாடியவையும் பாடித் தருகிறார். அவருடைய பெயரைப் போட்டுச் சேர்த்து வைக்கிறேன்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலை மலையாகச் சரிந்தது. பாதை மூடியது, மின்சாரம் போனது, லயங்கள் போயின, குடும்பம் குடும்பமாகப் போனார்கள். தண்ணீர் வடிவதற்கு முன்பே எனக்கு ஒரு செய்தி வந்தது: "சேர், போன தடவை மாதிரி ஒரு பாட்டுப் போட்டுத் தாங்க." முடியாது என்று எழுதினேன். எத்தனை பேர் இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், நானே செய்தவன்.

அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். டித்வாவில் போனவர்களுக்குப் பாட்டுக் கட்ட நினைக்கும் தம்பி தங்கச்சிமாரே, முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள். அவர்கள் பேசினால் எழுந்து வராதீர்கள். செத்தவரின் பெயரையும் முறையையும் கேளுங்கள். பாடலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்த இடத்துக்கு எச்சரிக்கை வந்ததா, யாருக்கு வந்தது, ஏன் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்டு அதையும் எழுதுங்கள், மெட்டில் உட்காராவிட்டாலும் எழுதுங்கள். கருவியைப் பாவித்தால் பாட்டுக்கு மேலே முதல் வரியிலேயே அதைச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் போடுங்கள். என்னுடைய அந்தப் பாட்டு உங்கள் போனில் இருந்தால் தயவு செய்து அழித்துவிடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.